பெயர் கேட்ட செங்கற்கள்

அமெரிக்காவின் கிழக்குக் கரையில், கடல் நிலத்துக்குள் வெகுதூரம் புகுந்து சேறும் கோரையுமாகக் கிடக்கும் ஓரிடத்தில், மனிதர்களைவிடக் கொக்குகளும் நண்டுகளும் அதிகமாக வாழும் ஹெரன் க்ரீக் என்ற சிற்றூரில், நவம்பர் மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு, நீதிமன்றத்தின் கல்படிகள் பன்னிரண்டும் சூடாயின.

சூடென்றால் சுடுகிற சூடில்லை. தூங்கி எழுந்த குழந்தையின் முதுகில் கை வைத்தால் தெரியுமே, அந்தக் கதகதப்பு.

அந்த நேரத்தில் படிகளுக்கு நேர் கீழே, நிலவறையில், தில்லைநாயகி ஒரு பழைய பதிவேட்டை உரக்கப் படித்துக்கொண்டிருந்தாள். பரங்கிப்பேட்டையில் பிறந்து, சரித்திரம் படித்து, ஊர் ஊராகச் சுற்றி, நாற்பத்தாறு வயதில் இரண்டு வருட வேலையாக இங்கே வந்து சேர்ந்தவள். அந்த நிலவறையில் முந்நூறு வருடத்துக் காகிதங்கள் இருந்தன. அவற்றில் கப்பல்காரர்களின் பெயர்களையும் பண்ணைக்காரர்களின் பெயர்களையும் அவளுக்கு முன் அங்கே வேலை பார்த்தவர்கள் அட்டவணை போட்டு முடித்துவிட்டார்கள். மிச்சமிருந்தவர்கள் அடிமைகள், கூலிகள், துணி வெளுத்தவர்கள், ஓடிப்போய்ப் பிடிபட்டவர்கள், யாரோ ஒருவருடைய வழக்கில் அரைவரி சாட்சி சொல்லிவிட்டு மறைந்துபோனவர்கள். அவர்களைத் தேடி ஆளுக்கொரு அட்டை எழுதுவதுதான் நாயகியின் வேலை. அந்தக் காலத்து எழுத்தர்கள் காதில் விழுந்ததை விழுந்தபடியே எழுதியிருந்ததால், கண்ணால் பார்த்தால் புரியாது, வாய்விட்டுப் படித்தால்தான் புரியும். அன்றைக்கும் அப்படித்தான் படித்தாள்: "குவாமினா என்ற கருப்பின அடிமை இந்த நீதிமன்றத்துப் படிகள் அத்தனையையும் தனியாளாகப் பதித்தான்."

ஐந்து நிமிடத்தில் ஒடெசா ப்ரூயிட் மேலேயிருந்து இறங்கி வந்தாள். ஆவண அலுவலகத்தின் தலைமை எழுத்தர், அறுபது வயதுக் கருப்பினப் பெண், எதற்கும் எளிதில் அசராதவள்.

"நாயகி, இப்போ என்ன படிச்சே?"

நாயகி திரும்பப் படித்துக் காட்டினாள். ஒடெசா அவளை மேலே கூட்டிக்கொண்டு போனாள், வாசலில் காலணியையும் காலுறையையும் கழற்றினாள், முதல் படியில் வெறுங்காலோடு நின்றாள்.

"முப்பத்தோரு வருஷமா இதுல ஏறி இறங்குறேன். இதை யாரோ ஒருத்தர் தூக்கி வெச்சிருப்பாருன்னு ஒருநாளும் எனக்குத் தோணல" என்றாள். பிறகு குனிந்து, கல்லைப் பார்த்து, "ரொம்ப நன்றிங்க, குவாமினா" என்றாள்.

ஊர் அதை ஏற்றுக்கொள்ள இரண்டு வாரம் ஆனது. நகரசபைக் குழாய்க்காரர் வந்து, அடியில் வெந்நீர்க் குழாய் ஏதும் போகிறதா என்று தோண்டிப் பார்த்து, ஒன்றும் இல்லாததால் குழியை மூடிவிட்டு, படியில் உட்கார்ந்து மதியச் சாப்பாட்டை நிதானமாகச் சாப்பிட்டுவிட்டுப் போனார். காப்பீட்டு நிறுவனத்திலிருந்து, அந்தப் படிகள் வெப்பமூட்டும் சாதனமா என்று கேட்டுக் கடிதம் வந்தது. "இல்லை, அவர் ஒரு மனிதர்" என்று ஒடெசா பதில் போட்டாள். நண்டு பிடிப்பவர்கள் ஈரக் கையுறைகளைப் படியில் காயப்போட்டார்கள். விவாகரத்துக்காக வந்த ஒரு புருஷனும் பெண்டாட்டியும் தங்கள் முறைக்காகக் காத்துக்கொண்டு அதில் உட்கார்ந்திருந்தார்கள், மாலை வரை எழுந்திருக்கவேயில்லை, பிறகு ஒரே காரில் வீட்டுக்குப் போனார்கள். பனி பெய்தபோது தெருவெல்லாம் வெள்ளையாகிப் படிகள் மட்டும் கருப்பாக, உலர்ந்து கிடந்தன. ஏறுகிறவர்கள் எல்லோரும் முதல் படியில் கால் வைக்கும்போது அவர் பெயரைச் சொல்வது தானாகவே வழக்கமானது.

இது ஏன் நடக்கிறது என்று ஊரில் யாரும் அதிகம் கேட்கவில்லை. அடுத்தது யார் என்றுதான் கேட்டார்கள். நாயகி படித்துக்கொண்டே போனாள். ஏழு வருடக் கூலியாக அயர்லாந்திலிருந்து கப்பலேறி வந்த ஹானர் டுவையர் என்ற பெண்ணின் பெயரை அவள் படித்த அன்று, ரொட்டிக்கடை ஹோரஸ் பிம்மின் கொல்லையில் பூந்தொட்டி வைக்க மட்டும் பயன்பட்டுவந்த பழைய மண் அடுப்பு சூடானது. ஹோரஸ் தொட்டிகளை எடுத்துவிட்டுப் பிசைந்த மாவை அதன் பக்கத்தில் வைத்தார். மாவு பாதி நேரத்தில் பொங்கி எழுந்தது. அன்றிலிருந்து முதல் ரொட்டி ஹானருக்கென்று ஜன்னலில் வைக்கப்பட்டது, பசித்து வருகிறவர் யாரும் அதை எடுத்துக்கொள்ளலாம்.

துறைமுகத்துக் கல்மதில் மட்டும் சண்டித்தனம் செய்தது. அதைக் கட்டியவன் சீசர் என்று பதிவேடு சொன்னது. நாயகி படித்தாள், ஒடெசா படித்தாள், பாதிரியார் மதிலின் முன் நின்று மணியடித்தாற்போலப் படித்தார், மதில் குளிர்ந்தே கிடந்தது. ஒரு மாதம் கழித்து வேறொரு வழக்கில், "சீசர், அவன் தாய் அவனைக் கோஃபி என்று அழைக்கிறாள்" என்று ஒரு வரி அகப்பட்டது. கோஃபி என்று சொன்ன மாத்திரத்தில் மதில் நெடுகச் சூடேறி, அதன்மேல் உட்கார்ந்திருந்த கொக்குகள் ஒருமுறை எழுந்து, திரும்ப உட்கார்ந்துகொண்டன. எஜமான் சூட்டிய பெயர் செல்லாது, தன்னுடையதென்று அந்த மனிதர் ஒத்துக்கொண்ட பெயரே வேண்டும் என்று அப்போது எல்லோருக்கும் தெரிந்தது.

பிப்ரவரியில் பனிக்கட்டி மழை வந்தது.

இரண்டு நாள் பெய்தது. மழையாக விழுந்து, விழுந்த இடத்திலேயே கண்ணாடியாக உறைந்தது. மரங்கள் கண்ணாடிச் சுமை தாங்காமல் முறிந்தன, மின்கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்தன, பாலத்தில் வண்டி எதுவும் ஏற முடியவில்லை. மூன்றாம் நாள் காலை ஊரில் எங்கேயும் மின்சாரம் இல்லை. திடமானவர்கள் ஹானரின் அடுப்பைச் சுற்றிக் கூடாரம் அடித்துக்கொண்டார்கள். குவாமினாவின் படிகளில் தார்ப்பாயைக் கட்டி முப்பது பேர் ஒடுங்கிக்கொண்டார்கள். ஆனால் ஆற்றோரத்தில் ஆஷ்மீட் மாளிகை இருந்தது. ஒரு காலத்தில் கப்பல் தலைவன் ஒருவனின் வீடு, இப்போது முதியோர் இல்லம். அதில் நடக்க முடியாத பத்தொன்பது பேர் இருந்தார்கள். அவசரத்துக்கு வைத்திருந்த ஜெனரேட்டர் நான்கு மணி நேரம் ஓடிவிட்டு நின்றுபோயிருந்தது. அவர்களைத் தூக்கிக்கொண்டு அந்தக் கண்ணாடித் தெருவில் ஒரு அடி வைக்க முடியாது.

இல்லத்தின் தலைமைச் செவிலி கொலீன், காலில் சாக்கைச் சுற்றிக்கொண்டு, விழுந்து எழுந்து நீதிமன்றத்துக்கு வந்தாள். முழங்கையில் ரத்தம் வந்துகொண்டிருந்தது.

"வெர்னா டீச்சருக்கு உதடு நீலமாயிருச்சு. தொண்ணூத்தோரு வயசு. இன்னும் ரெண்டு பேருக்கு நாடி சரியில்ல. அந்த வீட்டுக்கு நடுவுல பெரிய செங்கல் சுவர் இருக்கு, நாயகி. எல்லா அறைக்கும் அதுதான் பொதுச் சுவர். அதைக் கட்டினது யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"பாலி" என்றாள் நாயகி. அவளுக்கு அது மனப்பாடம். அந்த வீட்டுச் செங்கல்லை நான்கு கோடையில் அறுத்தவள், பாலி என்ற கிழக்கிந்தியப் பெண் என்று தீர்ப்புப் புத்தகத்தில் இருந்தது. அந்த வரியைக் கண்ட நாள் நாயகிக்குச் சோறு இறங்கவில்லை. கிழக்கிந்தியப் பெண் என்றால் இந்தியாவிலிருந்து வந்தவள். எந்த ஊர்? எந்தக் கரை? யார் வீட்டுப் பிள்ளை? "ஆனா அந்தப் பேரை நான் முன்னமே சொல்லிப் பார்த்துட்டேன், கொலீன். சுவர் கேக்கல."

"அப்போ அவ பேரு அது இல்ல" என்றாள் ஒடெசா, கோட்டை மாட்டிக்கொண்டே. "கீழ வா. தேடலாம்."

மாளிகையில் ஊரே கூடி, ஆளுக்கொரு யோசனையாகச் சொல்லிக்கொண்டிருந்தது. மேரி, மரியா, பாலின் என்று அவரவருக்குத் தெரிந்ததையெல்லாம் சுவரிடம் சொல்லிப் பார்த்தார்கள். யாரோ கப்பல் தலைவனின் பெயரையும் உரக்கச் சொன்னார்கள். அவன் அந்த வீட்டில் ஒரு செங்கல்லைக்கூடத் தொட்டதில்லை, ஆகையால் ஒன்றும் நடக்கவில்லை. ஹோரஸ் பிம் சூடான ரொட்டிகளைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து ஒவ்வொரு முதியவரின் காலடியிலும் வைத்தார். அவை ஆற ஆற எடுத்து மாற்றினார்கள்.

நிலவறையில் வெளிச்சத்துக்கு ஒரே ஒரு சாளரம், தரைமட்டத்தில். இரண்டு பெண்களும் அதன் கீழே பெட்டிகளை இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். விரல் விறைத்தால் ஓடிப்போய்க் குவாமினாவின் படியில் கை வைத்துவிட்டு வந்தார்கள். தீர்ப்புப் புத்தகம் என்பது நகல், நல்ல கையெழுத்தில் பிற்பாடு எழுதுவது. வழக்கு நடக்கும்போதே கிறுக்கிய மூலக் காகிதம் எங்கேயாவது மடித்துக் கிடக்கும், அதில்தான் மனிதர்கள் பேசியது இருக்கும் என்று நாயகிக்குத் தெரியும். வீடு சம்பந்தமான கட்டுகளில் இல்லை. வேலைக்காரர்கள் கட்டில் இல்லை. ஓடிப்போனவர்கள் கட்டிலும் இல்லை. மணி மூன்றானது. சாளரத்தில் வெளிச்சம் மங்கத் தொடங்கியது.

"தொழில்காரங்க கட்டைப் பார்த்தியா?" என்றாள் ஒடெசா.

"அவ தொழில்காரங்கள்ல வரமாட்டாளே."

"வரமாட்டான்னு நமக்குத் தெரியும். இதை அடுக்கின ஆளுக்குத் தெரியணுமே."

பீப்பாய் செய்பவர்கள் என்று எழுதியிருந்த உறையில் அடியிலிருந்து மூன்றாவது காகிதம் அது. பீப்பாய் செய்பவரை அங்கே கூப்பர் என்பார்கள். நூறு வருடத்துக்கு முன் அட்டவணை போட்ட யாரோ ஒருவர், காகிதத்தின் தலையிலிருந்த ஒரு சொல்லை அரைகுறையாகப் பார்த்து, ஆச்சி என்ற பெயருள்ள கூப்பர் என்று முடிவு கட்டி, அவளை ஆண்களின் நடுவே சொருகிவிட்டுப் போயிருந்தார்.

நாயகி காகிதத்தைச் சாளரத்தருகே பிடித்து வாய்விட்டுப் படித்தாள். கொரமண்டல் கரையில், அதாவது சோழமண்டலக் கரையில், பிறந்தவள். கப்பல் தலைவனின் மனைவிக்கு ஏழு வருடம் ஊழியம் செய்யச் சம்மதித்து லண்டனுக்குப் போனவள், அங்கிருந்து இங்கே கொண்டுவரப்பட்டவள். ஏழு வருடம் முடிந்து நான்கு வருடமாகியும் விடவில்லை, ஆகையால் விடுதலை கேட்கிறாள். பெயர் பாலிதானே என்று நீதிபதி கேட்க, அவள் இல்லை என்கிறாள். தன் தாய் இட்ட பெயர்...

நாயகி நின்றாள். எழுத்தர் அந்த இடத்தில் மூன்று முறை எழுதி அடித்திருந்தார். நான்காவது முறை இரண்டு துண்டாக எழுதியிருந்தார்: கூப். ஆச்சி.

அவள் அதை மெல்ல ஒருமுறை சொன்னாள். இன்னொருமுறை, வேகமாக. மூன்றாவது முறை சொன்னபோது அவள் குரல் மாறிவிட்டது. காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டு, கையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"என்ன, நாயகி? தெரியுமா உனக்கு?"

"குப்பாச்சி" என்றாள் நாயகி. "இது எங்க ஊருப் பேரு. இவ தமிழ்ப் பொண்ணு."

"அதுக்கு ஏதாவது அர்த்தம் உண்டா?"

"உண்டு. குப்பைன்னு அர்த்தம்."

ஒடெசாவின் முகம் இறுகியது. "பெத்தவளா அப்படிப் பேரு வெச்சா?"

"கேளுங்க. எங்க பக்கத்துல, பிறக்கிற பிள்ளையெல்லாம் தங்காம போயிட்டே இருந்தா, அடுத்துப் பிறக்கிற பிள்ளையைக் கொண்டுபோய்க் குப்பைமேல ஒரு நிமிஷம் படுக்க வெச்சு எடுப்பாங்க. குப்பைன்னே பேரும் வெச்சிருவாங்க. எமன் வந்து எட்டிப் பார்த்தா, சீ, இது குப்பைதானே, இதை எதுக்குத் தூக்கிட்டுப் போகணும்னு திரும்பிப் போயிருவானாம். அவ அம்மாவுக்கு அதுக்கு முன்னாடி எத்தனை பிள்ளை செத்துதோ. இந்த ஒண்ணாவது இருக்கட்டும்னு வெச்ச பேரு இது."

ஒடெசா காகிதத்தை வாங்கி, அந்த இரண்டு துண்டுச் சொல்லின்மேல் விரலை வைத்தாள். "அப்போ அது வசவு இல்ல" என்றாள். "ஒளிச்சு வெச்சிருக்கா."

"ஆமா. ஒளிச்சு வெச்சிருக்கா."

இருவரும் கைகோத்துக்கொண்டு, காலில் சாக்கு சுற்றிக்கொண்டு, ஆற்றோரமாக விழுந்தும் தவழ்ந்தும் மாளிகைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். கூடத்தில் எல்லோரும் வழிவிட்டார்கள். முதியவர்களின் கட்டில்களை ஏற்கெனவே சுவரையொட்டி இழுத்துப் போட்டிருந்தாள் கொலீன், அவ்வளவு நம்பிக்கை அவளுக்கு. வெர்னா டீச்சர் கண்ணை மூடிக் கிடந்தார். அவருடைய மூச்சு மட்டும் சிறு புகையாக வந்து வந்து மறைந்தது.

நாயகி சுவரின் முன்னால் நின்றாள். பதிவேட்டைப் படிக்கிற குரலில் இதைச் சொல்லக்கூடாது என்று அவளுக்குப் பட்டது. விளக்கு வைக்கிற வேளையில், தெருவில் விளையாடிக்கொண்டிருக்கும் பிள்ளையை வாசலில் நின்று எப்படிக் கூப்பிடுவார்களோ, கடைசி எழுத்தை நீட்டி, கொஞ்சம் அதட்டலும் கொஞ்சம் கொஞ்சலுமாக, அப்படிக் கூப்பிட்டாள்:

"குப்பாச்சீ... ஏ குப்பாச்சீ... வாடி கண்ணு, சாப்பிட வா."

சுவர் கீழிருந்து சூடேறியது. முதலில் தரையோடு இருந்த வரிசை, அப்புறம் அதற்கு மேல் வரிசை, களிமண்ணை மிதிக்கிற கால் ஒவ்வொரு அடியாக வைத்து ஏறி வருவதைப் போல, வரிசை வரிசையாக, அறை அறையாக, மாடிவரைக்கும் ஏறியது. ஜன்னல் கண்ணாடியில் படிந்திருந்த பனிப் பூக்கள் கரைந்து வழிந்தன. யாரும் கைதட்டவில்லை. ஒவ்வொருவராகப் போய் உள்ளங்கையைச் சுவரில் வைத்தார்கள். சிலர் நெற்றியையும் வைத்தார்கள்.

கால்மணி நேரம் கழித்து வெர்னா டீச்சர் கண் திறந்தார். "யாரு என் முதுகைத் தடவுறது?" என்றார்.

"குப்பாச்சி, டீச்சர்" என்றாள் கொலீன்.

"நல்ல கை" என்றார் டீச்சர். "வேலை செஞ்ச கை."

மின்சாரம் திரும்பி வர இன்னும் நான்கு நாள் ஆனது. அந்த நான்கு நாளும் ஊரில் பாதிப்பேர் அந்த வீட்டில்தான் இருந்தார்கள். சமைத்தார்கள், பாடினார்கள், சீட்டாடினார்கள், சுவருக்கு முதுகு கொடுத்து உட்கார்ந்தபடியே பத்து வருடப் பகைகளைப் பேசித் தீர்த்தார்கள், தீராதவற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்தார்கள். பத்தொன்பது பேரும் பிழைத்தார்கள். அந்தப் பெயரை அவர்கள் கூப்பச்சி என்றார்கள், குப்பாட்சி என்றார்கள், ஹோரஸ் பிம் கடைசிவரைக்கும் கபூச்சி என்றே சொன்னார். ஒருமுறை சரியாக அழைக்கப்பட்டுவிட்டதால், அப்புறம் எப்படிச் சொன்னாலும் சுவர் ஏற்றுக்கொண்டது. பனி உருகிய ஞாயிற்றுக்கிழமை நண்டு பிடிப்பவர்கள் ஒரு கூடை நண்டைக் கொண்டுவந்து சுவரின் அடியில் வைத்தார்கள். தமிழ்ப் பெண்ணுக்கு நண்டு பிடிக்குமா என்று நாயகியிடம் கேட்டார்கள். "கரைக்காரிதானே, உயிரையே விடுவா" என்றாள் நாயகி. மிளகும் பூண்டும் தட்டிப் போட்டு அவளே குழம்பு வைத்தாள். கண்ணில் நீர் வழிய வழிய எல்லோரும் சாப்பிட்டார்கள்.

நாயகி மேலும் தேடினாள். குப்பாச்சிக்கு விடுதலை கிடைத்திருந்தது. கையெழுத்துக்குப் பதிலாக அவள் போட்ட சிறு வட்டம் காகிதத்தில் இருந்தது. அதன்பிறகு நாற்பது வருடம் அவளைப் பற்றி ஒரு வரியும் இல்லை. நாற்பது வருடம் கழித்து, தள்ளாமையால் வரி தள்ளுபடி பெற்றவர்களின் பட்டியலில், ஓடைக்கரையில் தனிவீட்டில் வாழும் கிழக்கிந்தியக் கிழவி, வயது எண்பதுக்கு மேல், என்று ஒரு வரி.

எண்பதுக்கு மேல். கடலைக் கடந்து, இன்னொரு கடலையும் கடந்து, அந்தக் குளிரிலும் அந்த வேலையிலும் எண்பது வருடம் எமன் அவளைக் குப்பை என்று நம்பியிருக்கிறான்.

அதைக் கண்ட அன்று காலை நாயகி நிலவறையிலிருந்தே பரங்கிப்பேட்டைக்கு ஃபோன் செய்தாள். அங்கே மாலை. அவளுடைய அண்ணன் வலைக்கடையைச் சாத்திக்கொண்டிருந்தார். கடைப் பலகையில் ஆனந்தன் என்று இருக்கும், அது அவர் தாமாக வைத்துக்கொண்ட பெயர். பெற்றவள் வைத்தது பிச்சை. அவருக்கு முன்னால் பிறந்த மூன்றும் தங்கவில்லை. பள்ளிக்கூடத்தில் பையன்கள் அந்தப் பெயரைச் சொல்லித் தட்டை நீட்டிக் கேலி செய்ததால் பத்தாவதோடு படிப்பை விட்டவர். இருபது வயதுக்கு மேல் வீட்டில் யாரும் தன்னை அப்படிக் கூப்பிடக்கூடாது என்று சொல்லிவிட்டார். அம்மா அதற்கப்புறம் அவரைப் பெயர் சொல்லாமல், "இந்தாப்பா" என்றே கூப்பிட்டுவிட்டுச் செத்துப்போனாள்.

நாயகி எல்லாவற்றையும் சொன்னாள். கடைக்கதவை இறக்கும் சத்தம் பாதியில் நின்றுவிட்டது.

"அந்தப் பொண்ணோட அம்மா பேரு என்னம்மா?" என்று கடைசியில் கேட்டார்.

"எழுதலண்ணே. கண்டுபிடிக்கவும் முடியாது. ஊரே தெரியலையே."

"அவளுக்கும் ஒரு அட்டை போடு."

"பேரு இல்லாமலா?"

"பேரு தெரியலன்னு போடு. வேலைன்னு ஒண்ணு எழுதுவல்ல, அந்த இடத்துல, மகளுக்குப் பேரு வெச்சான்னு எழுது. போதும்."

நாயகி ஒரு வெள்ளை அட்டையை இழுத்து, ஃபோனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, அப்படியே எழுதினாள். எழுதி முடித்ததைப் படித்தும் காட்டினாள்.

"தங்கச்சி."

"சொல்லுங்கண்ணே."

"என்னை ஒரு தடவை கூப்பிடேன். அம்மா கூப்பிடுற மாதிரி."

அவள் பிறந்ததிலிருந்து அண்ணனைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. எழுந்து சாளரத்தருகே போய் நின்றுகொண்டாள். மேலே யாரோ குவாமினாவின் பெயரைச் சொல்லிப் படியேறிக்கொண்டிருந்தார்கள். மூச்சை இழுத்துக்கொண்டு, அம்மாவைப் போலவே கடைசி எழுத்தை நீட்டி, கடல் கேட்கிற அளவுக்குக் கூப்பிட்டாள்:

"பிச்சே... டேய் பிச்சே..."

ஐம்பத்தெட்டு வயது அண்ணன், பரங்கிப்பேட்டைக் கடைத்தெருவில் பாதி இறக்கிய கதவைப் பிடித்துக்கொண்டு நின்றவாறே, "இதோ வந்துட்டேம்மா" என்றார்.